மிகைப் பணியிடம்

என் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த மறுவாரம் தொழிற்சங்கச் செயலாளர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பழம் எதுவும் வாங்கி வரவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, செல்பேசியைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு, எனக்கும் என் மனைவிக்கும் ஒரு சட்டப்பிரிவை வாசித்துக் காட்டினார். பணியில் இருக்கும்போது ஒருவர் ஊனமுற்றால் அரசு நிறுவனம் அவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது. பதவியைக் குறைக்கக் கூடாது. பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். அப்படி ஒரு வேலை உடனே இல்லையென்றால், கிடைக்கும் வரையிலோ ஓய்வு பெறும் வரையிலோ ஒரு மிகைப் பணியிடத்தை உருவாக்கி அதில் அவரை வைத்திருக்க வேண்டும்.

"அப்பொ வேலை போகாதா?" என்று கேட்டாள் என் மனைவி.

"யாராலயும் தொட முடியாதும்மா" என்றார் அவர்.

நான் விழுந்த நாளிலிருந்து அழாமல் இருந்தவள் அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன் என்று நினைக்கிறேன். மருந்து மயக்கத்தில் சரியாக நினைவில்லை.

தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் அரசு நிறுவனம் ஒன்றில் நான் கிரேன் ஆபரேட்டராக இருந்தேன். கச்சான் என்கிற மேல்காற்று விடாமல் வீசிய ஒரு பிற்பகலில், நிலக்கரிக் கப்பல் வேலை முடிந்து கேபினிலிருந்து இறங்கும்போது ஏணிப்படியில் கால் வழுக்கியது. கரித்தூளும் எண்ணெயும் சேர்ந்த படி அது. கீழே கிடந்த இரும்புச் சட்டங்களுக்கிடையில் கால் மாட்டிக்கொண்டு நசுங்கியது. இதில் சொல்வதற்கு அதிகம் இல்லை. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

செயற்கைக்காலும் தாங்குகட்டையும் பழகி நான் வேலைக்குத் திரும்பியபோது மருத்துவக் குழு என்னைக் கூப்பிட்டது. கிரேன் சுழல்வதை நிறுத்தும் ஸ்லூ பிரேக்கை மிதிப்பது வலது கால்தான், மற்றதெல்லாம் கை வேலைதான் என்று நான் சொல்லிப் பார்த்தேன். பிரேக் சரி, ஏணி ஏற வேண்டுமே என்றார்கள். மெதுவாக ஏறிவிடுவேன் என்றேன். மறுபடி விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். 'கிரேன் பணிக்குத் தகுதியற்றவர்' என்று எழுதிவிட்டார்கள். எனக்கென்று ஒரு மிகைப் பணியிடம் உருவானது. ஆபீசில் அதை 'சூப்பர்நியூமரரி' என்பார்கள். கூட வேலை செய்யும் பையன்கள் அதைச் சுருக்கி என்னை 'சூப்பர் அண்ணாச்சி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கேலி இல்லை, பிரியமாகத்தான்.

உதிரிபாகக் கிடங்கை ஒட்டி ஓர் அறையை எனக்கு ஒதுக்கினார்கள். முன்பு பேட்டரி சார்ஜ் போட்ட அறை. தரையில் அமிலம் தின்ற தடம் இருந்தது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி. ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த கிடங்கின் சுவர். காலையில் விரல் ரேகை வைத்துவிட்டு அந்த அறைக்குப் போக வேண்டும், சாயங்காலம் மறுபடி விரல் ரேகை வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். நடுவில் செய்வதற்கு ஒன்றும் கிடையாது.

முதல் சில நாள் ஓய்வு மாதிரிதான் இருந்தது. பிறகு பக்கத்துக் கிடங்கில் போய் சாமான்களை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். கிடங்குப் பொறுப்பாளர் பதறிப்போனார். கையில் கிரீஸ் டின்னோடு என்னைப் பார்த்து, ஏதாவது காலில் விழுந்துவிட்டால் தன்னைத்தான் கேட்பார்கள், தயவுசெய்து உட்காருங்கள் என்றார். டீக்கடைக்கு நடக்கலாம் என்று கிளம்பினால் ஒரு பையன் ஓடிவந்து, நீங்க ஏன் நடக்கிய, நான் வாங்கிட்டு வாரேன் என்று கோப்பையைப் பிடுங்கிக்கொள்வான். எல்லோரும் நல்லவர்கள். அவர்கள் நல்லவர்களாக இருந்ததால் அந்த அறையை விட்டு நான் வெளியே வர வழியே இல்லாமல் போனது.

என் கிரேன் அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கேட்கும். தண்டவாளத்தில் நகரும்போது அடிக்கும் மணி, பளு ஏறும்போது மோட்டார் முக்கும் சத்தம். புது ஆபரேட்டர் பிரேக்கைச் சடாரென்று போடுவது சுவரைத் தாண்டி என் பல்லில் கூசும். அந்த நேரங்களில் மேசைக்கடியில் என் வலது கால் தானாக மிதித்துக்கொண்டிருக்கும்.

ஒருமுறை மாற்றுத்திறனாளிகள் நலனைப் பார்வையிட வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அன்று காலை என் மேசையில் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார்கள். இணைப்புக் கொடுக்க நேரமில்லை. அதிகாரி உள்ளே வந்து, கழிப்பறைக்குச் சாய்தளம் இருக்கிறதா, சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று விசாரித்தார். இருக்கிறது, வருகிறது. வேறு ஏதாவது குறை உண்டா என்றார்.

"வேலை இல்ல சார்" என்றேன்.

அவர் சிரித்தார். "வெளியே நிக்கிறவங்கதான் இதை எங்ககிட்ட சொல்லுவாங்க. உள்ளே உக்காந்து சொல்ற முதல் ஆள் நீங்கதான்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். மத்தியானம் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து, விருப்ப ஓய்வு வாங்கிவிடப் போகிறேன் என்றேன். மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் இருந்தது நிறுவனத்தின் குவார்ட்டர்ஸ். நான் ஓய்வு வாங்கினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகள் திருநெல்வேலியில் படித்துக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் அவள் சொல்வாள் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் வேறொன்றைச் சொன்னாள்.

"எங்க ஐயாவுக்கு உப்பளத்து வெள்ளையப் பாத்துப் பாத்தே கண்ணு போச்சி. மறுநாள் அந்த வேலைக்கு வேற ஆளப் போட்டுட்டாங்க. என்னன்னு கேக்க ஒரு நாதி இல்ல. ஒங்களுக்கு ஒரு சட்டம் இருக்கு. அந்தச் சட்டம் ஒங்கள இரின்னு சொல்லுது. இருந்தா என்ன?"

அவளுடைய அப்பாவை எனக்குத் தெரியும். கல்யாணத்தன்று என் முகத்தைக் கையால் தடவிப் பார்த்தவர் அவர். மறுநாள் காலை விரல் ரேகை வைத்தேன்.

சிக்னல்காரனைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கிரேன் கேபினில் இருப்பவனுக்குக் கப்பலின் அடித்தளம் தெரியாது. கப்பல் மேல்தட்டில் ஓர் ஆள் நின்று, கீழே பார்த்து, கையால் காட்டுவதை வைத்துத்தான் நாங்கள் தூக்குவதும் இறக்குவதும். பல வருஷம் எனக்கு அப்படிக் காட்டியவன் பெரியதாழைக்காரன். மீன்பிடிக் குடும்பம்தான், ஆனால் அவனுக்குக் கடலில் போனால் குமட்டும். கட்டிக்கிடக்கும் கப்பல் அவனுக்குச் சரிப்பட்டது. ஒப்பந்தக்காரரின் ஆள். நாங்கள் கீழே சேர்ந்து பேசியது குறைவு. ஆனால் அவன் விரலை மடக்கும் விதத்திலேயே இன்று அவனுக்குக் காய்ச்சலா, வீட்டில் சண்டையா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

நான் அறையில் உட்கார்ந்திருந்த இரண்டாம் வருஷம், மரத்தடிகள் ஏற்றி வந்த கப்பல் ஒன்றில், தடியைக் கட்டித் தூக்கும் கம்பிச் சுருக்கைச் சரிசெய்யப் போன அவனுடைய வலது கை, கம்பிக்கும் மரத்துக்கும் நடுவில் சிக்கியது. கிரேனில் இருந்தது வேறு ஆபரேட்டர். கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. நான் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருந்தான். என் தாங்குகட்டையைப் பார்த்து, நின்னுக்கிட்டு இருக்காதிய அண்ணாச்சி, உக்காருங்க என்றான். எனக்கு வந்த சட்டம் அவனுக்கு வருமா என்று செயலாளரிடம் கேட்டேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். அது அரசு நிறுவனத்தின் ஊழியர்களுக்கு, இவன் ஒப்பந்தக்காரரின் கூலி, அதுவும் கப்பல் வந்தால்தான் கூலி என்றார். ஈட்டுத்தொகை வாங்கித் தருவதில் மட்டும் அவர் குறை வைக்கவில்லை. தொகை வந்தது. வேலை வரவில்லை.

அதற்குப் பிறகு அந்த அறையில் இருப்பது இன்னும் கடினமாகிவிட்டது. குறைப்பட்டுக்கொள்ளக்கூட எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. ஒருநாள் துறைமுக வாசலில் அவனைப் பார்த்தேன். தெரிந்தவர்களிடம் வேலை கேட்டு வந்திருந்தான். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டான். சும்மா உட்கார்ந்தே பைத்தியம் பிடிக்கிறது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"எனக்கும் சேத்து உக்காருங்க அண்ணாச்சி" என்றான். அதில் குத்தல் எதுவும் இல்லை.

அதே சட்டத்தின்படி ஒவ்வோர் அரசு நிறுவனத்திலும் மாற்றுத்திறனாளி ஊழியர்களின் புகாரைக் கேட்க ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். எங்கள் நிறுவனத்தில் நிர்வாக அதிகாரியாக இருந்த அம்மாள்தான் அந்தப் பொறுப்பையும் பார்த்தார். சேலம் பக்கம். கறாரானவர், ஆனால் எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை கேட்பார். நான் கொடுத்த மனுவைப் படித்துவிட்டு, வேலை வேண்டும் என்று புகாரா என்று கேட்டார். சட்டம் முதலில் ஏற்ற வேலையைத்தான் கொடுக்கச் சொல்கிறது, அது இல்லாவிட்டால்தான் மிகைப் பணியிடம், நீங்கள் முதலாவதைத் தேடவே இல்லை என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, பார்க்கிறேன் என்றார். மழைக்காலம் முடிவதற்குள் உத்தரவு வந்தது. துறைமுக வாசல் அருகே எங்கள் நிறுவனத்தின் பாஸ் பிரிவில் என்னை மாற்றியிருந்தார்கள்.

அந்த வாரம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். கண்ணாடித் தடுப்பு, அதில் கை நுழையும் அளவு ஓட்டை, எதிரே வரிசை. மனிதர்கள் என்னிடம் எதையோ கேட்டார்கள், நான் எதையோ செய்து கொடுத்தேன். எங்கள் சரக்குத் தளத்தில் வேலைக்கு வரும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு உள்ளே போக பாஸ் கொடுப்பதுதான் வேலை. ஆதார், போலீஸ் சான்று, ஒப்பந்தக்காரரின் கடிதம், உடல்தகுதிச் சான்று எல்லாம் சரிபார்க்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்ப வேண்டும்.

உடல்தகுதிச் சான்றில் இரண்டே கட்டம். தகுதி, தகுதியின்மை. எந்த வேலைக்கு என்று கேட்கிற இடமே அதில் இல்லை. முதலில் கண் தெரியாத ஒருவர் வந்தார், கூட்டிப் பெருக்கும் வேலைக்கு. தகுதியின்மையில் டிக். அடுத்து, காது கேளாத ஒரு பையன், சாக்கு தைக்க. அதுவும் அப்படியே. வாசலை ஒட்டிய வேலைதானே என்று எங்கள் பிரிவின் கண்காணிப்பாளரைக் கேட்டால், விதி இருக்கே அண்ணாச்சி என்பார். நான் திருப்பி அனுப்பினேன். காது கேளாத பையன் போகும் முன் எட்டிப் பார்த்து, கவுண்டருக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த என் தாங்குகட்டையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். மறுநாளிலிருந்து அதை மேசைக்கடியில் படுக்க வைத்தேன்.

ஒரு காலை வரிசையில் சிக்னல்காரன் நின்றிருந்தான். டாலி எழுத ஆள் வேண்டும் என்று ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார். கப்பலிலிருந்து இறங்கும் மரத்தடிகளை எண்ணிக் குறிக்கும் வேலை. இடது கையால் எழுதப் பழகியிருந்தான். மகளின் சிலேட்டில் பழகினேன் என்று சிரித்தான். காகிதங்களை ஓட்டை வழியாக நீட்டினான். தகுதியின்மையில் டிக் இருந்தது. அவனுக்கும் அது தெரிந்தேதான் இருந்தது.

"ஒங்கள நம்பித்தான் வந்தேன்" என்றான் மெதுவாக. "முடியாதுன்னா இங்கனயே சொல்லிருங்க. அலைய வைக்காதிய."

எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. ஏன் என் கவுண்டருக்கு வந்தாய், உன்னைத் திருப்பி அனுப்புகிறவனாக என்னை ஏன் ஆக்குகிறாய் என்று தோன்றியது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. காகிதங்களை வாங்கி வைத்துக்கொண்டு, நாளைக்கு வா என்றேன்.

மத்தியானம் நிர்வாக அதிகாரியின் அறைக்குப் படியேறினேன். ஊனமுற்றவர் என்பதற்காக ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று சட்டத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது, தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும் என்று இருக்கிறது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க எங்க ஆள். உங்களுக்கு நாங்க செஞ்சோம். அவர் அவங்க ஆள். நாளைக்கு உள்ளே ஏதாவது ஆச்சுன்னா பாஸ் கொடுத்த கையெழுத்து உங்களோடது. அதை யோசிச்சீங்களா?"

யோசித்திருந்தேன். என் காலுக்காக மருத்துவக் குழு கேட்ட அதே கேள்வி அது. இப்போது அதை நான் இன்னொருவனிடம் கேட்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அவனைக் கூட்டிக்கொண்டு ஒப்பந்தக்காரரின் ஆபீசுக்குப் போனேன். வரவேற்பில் சம வாய்ப்புக் கொள்கையைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். மேலாளர் அதைத் தானே சுட்டிக்காட்டினார். தங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை, பாஸ் கொடுத்தால் நாளைக்கே வேலை என்றார். நான் இருந்த பாஸ் பிரிவு சான்றைக் கேட்டது. மருத்துவர் படிவத்தில் இருந்த கட்டத்தைத்தான் நிரப்ப முடியும் என்றார். படிவம் நிர்வாகத்தினுடையது. இப்படியே சுற்றி வந்தது. யாரும் முடியாது என்று சொல்லவில்லை.

செயலாளர் உதவியோடு மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு அவன் பெயரில் மனு எழுதினோம். விளக்கம் கேட்டு நிர்வாகத்துக்குத் தபால் வந்தது. அன்று அதிகாரி அம்மாள் என்னைக் கூப்பிட்டு, எழுதிக் கொடுத்தது நீங்களா என்றார். ஆமாம் என்றேன். திட்டவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டார்கள். மருத்துவர் கட்டத்துக்குக் கீழே, 'டாலி பணிக்கு மட்டும் தகுதி' என்று கையால் ஒரு வரி எழுதலாம். அதை வைத்து மூன்று மாத பாஸ். முடிந்ததும் மறுபடி சான்று, மறுபடி அதிகாரியின் ஒப்புதல். விதிவிலக்கு அவனுக்கு மட்டும். படிவம் மாறாது.

அவன் வேலைக்குப் போனான். மரத்தடிகளுக்கிடையில் குடை போட்டு, அட்டையை மடியில் வைத்து இடது கையால் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்ததாகப் பையன்கள் சொன்னார்கள். முதல் சம்பளத்தில் என் வீட்டுக்குச் சீலாமீன் வாங்கிக்கொண்டு வந்தான். என் மனைவி அவன் கையைப் பார்க்காமல் பேச முயன்று, கடைசியில் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

அடுத்த கோடையில் அதிகாரி அம்மாள் என்னை மறுபடி கூப்பிட்டார். கிரேன் ஓட்டுபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் புதிதாக ஒரு சிமுலேட்டர் வந்திருந்தது. தரைத்தளம், ஏணி கிடையாது. உண்மையான கேபின் மாதிரியே நாற்காலி, லீவர், மிதி பிரேக், எதிரே திரை. அதை இயக்கிக் காட்ட ஒரு பழைய ஆபரேட்டர் வேண்டும், உங்களுக்கு ஏற்ற பணி இதுதான், சம்மதம் எழுதிக் கொடுங்கள் என்றார். போய்ப் பார்த்தேன். உட்கார்ந்து லீவரைப் பிடித்தேன். திரையில் கொக்கி மேலே போனது.

ஆனால் நான் எழுந்து போனால் பாஸ் பிரிவில் அடுத்து உட்காருகிறவர், கையால் எழுதிய வரியை ஏற்பாரா? ஏற்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கண் தெரியாதவருக்கும் காது கேளாத பையனுக்கும் அதேபோல் வரி எழுதி வாங்க நான் ஆரம்பித்திருந்தேன். அந்த இரண்டு கோப்புகளும் ஒப்புதலுக்காக மேலே போய்க் கிடந்தன.

மனைவியிடம் சொன்னபோது, "போங்க. இத்தன வருசம் அதத்தான கேட்டிய" என்றாள். சிக்னல்காரனும் போகத்தான் சொன்னான். எனக்காக ஒன்றும் இருக்க வேண்டாம் என்றான். போகவேண்டும் என்று மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும் கிழித்தேன். படிவத்தில் 'இந்தப் பணிக்கு மட்டும் தகுதி' என்று மூன்றாவதாக ஒரு கட்டம் சேர்க்கும் வரை இங்கேயே இருக்கிறேன் என்று கடைசியில் எழுதிக் கொடுத்தேன். அதிகாரி அதைப் படித்துவிட்டு, இந்த வாய்ப்பு திரும்ப வராது என்றார். வரவில்லை. சிமுலேட்டரில் இப்போது வேறொருவர் இருக்கிறார். நன்றாகச் செய்கிறார் என்கிறார்கள். அந்தக் கட்டடத்தின் வழியாகப் போக வேண்டியிருந்தால் நான் சுற்றிப் போகிறேன்.

செய்தது சரி என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சில நாள் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது மூச்சு முட்டுகிறது. பேட்டரி அறையில் என்னை அடைத்தது மற்றவர்கள் என்று சொல்லிக்கொள்ளவாவது முடிந்தது. படிவத்தை மாற்றக் கேட்ட கடிதம் தலைமை அலுவலகத்தில் இருக்கிறது. பரிசீலனையில் உள்ளது என்று ஒரு பதில் வந்தது.

போன வாரம் சிக்னல்காரனுடைய பாஸ் முடிந்தது. காலையிலேயே வரிசையில் நின்றான். சான்றை வாங்கிப் பார்த்தேன். மருத்துவர் புதியவர், 'டாலி பணிக்கு மட்டும்' என்ற வரியை எழுத மறந்திருந்தார். மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய் எழுதி வாங்கி வரச் சொன்னேன். இன்றைக்குக் கப்பல் இருக்கே அண்ணாச்சி என்றான். தெரியும் என்றேன். அவன் தலையாட்டிவிட்டுக் காகிதங்களை இடது கையால் அடுக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி வேகமாக நடந்தான். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.